காலர் மாஸ்டரும் கலோரிக் கணக்கும்

ஊசி முனையால் ஊரையே உடுத்த வைக்கும் தையல் கலைஞர் சங்கத்தின் தலைவர் அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! பசித்தாலும் புன்னகை மாறாத தாய்மார்களே! கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் காதைத் தீட்டி வந்திருக்கும் தோழர்களே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

ஆலையில் அரைத்துப் பொரித்துப் பொட்டலம் கட்டாமல், மண்ணும் மரமும் தந்ததைத் தந்தபடியே சமைத்து உண்டால் கலோரிக் கணக்கு தேவையா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தேவையே இல்லை என்றார் என் அண்ணன். தேவைதான் என்றார் என் அண்ணி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு கட்சி! நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

சட்டைக்குக் காலர் தைக்கும் அழகைப் பார்த்து அண்ணனுக்குக் காலர் மாஸ்டர் என்று பெயர் சூட்டியதே நீங்கள்தான். அவருக்கு முழங்கால் வலி வந்தது. "எடையைக் குறைங்க. இல்லேன்னா மெஷின் மிதிக்கிறதை விட்டுடுங்க" என்றார் மருத்துவர். விடுவதா? மெஷினை விட்ட காலர் மாஸ்டரை நினைத்துப் பார்க்க முடிகிறதா உங்களால்?

எடுத்தார் சபதம்! பிஸ்கட்டைத் துறந்தார், வறுவலை வெறுத்தார். பொத்தான் டப்பாக்கள் இருந்த இடத்தில் கடலை டப்பா, முந்திரி டப்பா, பேரீச்சம்பழ டப்பா! ஒரு தையலுக்கு ஒரு பிடி. கேட்டால், "இயற்கை குடுத்ததுக்குக் கணக்கு எதுக்குடா?" என்பார்.

அண்ணியோ கலோரியைக் கணக்கிடக் கைபேசியும் கையுமாக இருந்தார். பொட்டலத்தில் எண் அச்சடித்திருக்கிறது. கீரைக்கு யார் அச்சடித்தது? எப்படிக் கணக்கில் ஏற்றுவது என்று குழம்பி, கடைசியில் கீரை சமைப்பதையே நிறுத்திவிட்டார்! எண் போட்ட பிஸ்கட்டைக் கொறித்துவிட்டு, பசியில் என் மேல் எரிந்து விழுவார். என்னம்மா, முன்வரிசையில் இவ்வளவு சிரிப்பு? உங்கள் வீட்டிலும் இதே கதைதானா?

மறுபடி மருத்துவரிடம் போனோம். எடை ஏறியிருந்தது. அண்ணன் ஒப்புக்கொள்வாரா? "டாக்டர், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. என் பேன்ட் இன்னும் கச்சிதமா இருக்கு, பாருங்க!"

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்தப் பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தார். இடுப்பில் பிரித்த தையலின் தடம். அதற்கு வெளியே இன்னொரு தடம்! "என்னங்க இது? இறுக்கம் தெரிஞ்சப்பெல்லாம் பிரிச்சு விட்டுத் தைச்சீங்களா?"

தோழர்களே, நம்மைத் தவிர இந்தத் தவறை யார் செய்ய முடியும்? துணி இறுகினால் கை தானாகப் பிரித்துவிடுகிறது. புத்திக்குத் தகவலே போவதில்லை!

சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மெஷினை விட்டுட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றார். அண்ணி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கும் இந்தக் கணக்கு அலுத்துப்போச்சுங்க. வாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

டப்பாக்கள் சமையலறைக்குப் போயின. கீரை வந்தது, பருப்பு வந்தது, தவிடு நீக்காத தானியம் வந்தது. தட்டில் போட்டார்கள், மென்று தின்றார்கள், வயிறு போதும் என்றதும் எழுந்தார்கள். கடலையும் உண்டு, ஆனால் ஒரே ஒரு பிடி! கறிகாயும் பயறும் வயிற்றை நிறைத்தால் பெரும்பாலோருக்குக் கணக்கு வேண்டாம். ஆனால் கணக்கு வேண்டாம் என்றால் கவனமும் வேண்டாமா? எண்ணாமல் உண்ணுங்கள்; எண்ணமில்லாமல் உண்ணாதீர்கள்!

என்ன ஐயா, பின்வரிசையில்? "மாஸ்டர் எங்கே, காணோமே" என்கிறீர்களா? முறைப்படி அவர் இந்த மேடையில் இருக்க வேண்டியவர். அழைத்தேன், வர மறுத்துவிட்டார். "கல்யாண ஆர்டர் குவிஞ்சு கிடக்குடா. எடை இறங்கிடுச்சு, டாக்டரே மிதிக்கலாம்னு சொல்லிட்டார். இப்பப் போய் மேடையில சும்மா உக்காரச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மிதிக்கத் தொடங்கிவிட்டார்!

அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அதைவிட இனிய சேதி என்னிடம் இல்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பந்தி காத்திருக்கிறது, பசித்து வாருங்கள், ருசித்து உண்ணுங்கள். வணக்கம்!