குளிர்காலத்துக்கு ஒரு குவளை

செடி வளர்ப்பவர்களில் பாதிப் பேர் தண்ணீர் ஊற்றி ஊற்றியே செடியைக் கொன்றுவிடுகிறார்கள். இதை எனக்குச் சொன்னவள் என் அக்கா ஏவ்ரில்.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் ஹோபார்ட்டில், ஆற்றைப் பார்த்த அவள் வீட்டு வடக்கு அறையில் ஃபிடில் ஃபிக் என்ற அத்தி வகைச் செடி ஒன்று இருந்தது. வயலின் மாதிரி இடுப்பு ஒடுங்கிய இலைகள். கூரையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. பதினொரு வருஷமாக வளர்த்தாள். எங்கள் ஊர்க் குளிரில் வடக்கு ஜன்னலில்தான் வெயில் விழும் என்பதால் அந்த அறை செடிக்கு. எனக்குத் தெற்கே, சுவரில் பூஞ்சை பிடித்த சின்ன அறை. குறை சொல்லவில்லை. கணவன் விட்டுப்போன பிறகு இரண்டு வாரம் தங்க வந்தவள் நான். நான்கு வருஷம் ஆகியிருந்தது.

மே மாதம் ஒரு காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே சொன்னாள்.

"வசந்தம் வந்ததும் வேற இடம் பாத்துக்கோ, க்ளெனிஸ். இந்தச் செடிகூட உன் அளவுக்கு என்னைப் படுத்தாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஜூனில், எங்கள் குளிர்காலம் தொடங்கியதும் ஆரம்பித்தேன். குளிர்காலத்தில் செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றி, சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பாட்டுக் குழுவுக்குப் போனதும், நான் குழாய்த் தண்ணீர் மூன்று குவளை ஊற்றினேன். அதே பென்சிலால் குறியும் போட்டேன்.

அடி இலைகளில் பழுப்புப் புள்ளி வந்தது. பிறகு இலைகள் விழுந்தன, தரையில் செருப்பு விழுவது போன்ற சத்தத்துடன்.

"நான் எப்ப ஊத்தினேன்?" காலண்டர் முன்னால் நின்று கேட்டாள். "இது என் குறிதானா?"

"நேத்து ஊத்தினியே. முந்தாநாளும் ஊத்தினே. நான்தான் சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். ஒருநாளாவது அவள் தப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஜூலையில் கார் ஓட்டுவதை நிறுத்தினாள். பாட்டுக் குழுவையும் விட்டாள். அதன்பிறகு அவள் குளிக்கும் நேரத்தில் ஊற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் ஈர மண்ணுக்குள் விரலை விட்டபடி அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர்ப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே நீயே பாத்துக்கோ, க்ளெனி. என்னை நம்பாதே. எனக்கே என்னை நம்ப முடியல."

சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னை க்ளெனி என்று கூப்பிட்டதில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செடி அப்போது என் பொறுப்புக்கு வந்துவிட்டதால், அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் சாவியையும் இடம் மாற்றத் தொடங்கினேன்.

மறதி நோயா என்று பார்க்க டாக்டர் அவளைக் கடிகாரம் வரையச் சொன்னார். சரியாகத்தான் வரைந்தாள். பிறகு சந்தேகப்பட்டு அழித்தாள், மறுபடி வரைந்தாள், காகிதம் கிழியும்வரை அழித்தாள். லான்செஸ்டனிலிருந்து வந்திருந்த அவள் மகள் ரோவீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் கூட இல்லேன்னா அம்மா என்ன ஆயிருப்பாங்க, சித்தி?"

செப்டம்பரில் ஏவ்ரிலை முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ரோவீனாதான் என்னை இருக்கச் சொன்னாள். செடியின் அழுகிய வேரை வெட்டிவிட்டு மண்ணை மாற்றினேன். நான்கு புது இலை விட்டிருக்கிறது. வடக்கு அறையில் இப்போது என் கட்டிலும் இருக்கிறது.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் எதையும் சொல்லத் துணிவதில்லை. போன வாரம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "செடி செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

"செத்துப்போச்சு, ஏவ்."

"நான்தானே கொன்னேன்?"

அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், கூடப் பிறந்தவளிடம் எத்தனை நாள்தான் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பது.