கற்பூரவல்லிக் களிம்பு

கற்பூரவல்லி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். ஒரு கொப்பை ஒடித்து ஊன்றினால் போதும். கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்புறம் முழுக்க அதுதான். நட்டவள் என் மனைவி சாந்தமேரி.

என் பெயர் பேசில். ஒரு தனியார் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். அந்த இலைச்சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றிச் சூடாக்கினால் மெல்லப் பழுப்பாகும். வெள்ளி நானோ துகள்கள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். கிருமியைக் கொல்பவை. அதைத்தான் களிம்பாக்கினேன். கல்லூரியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கும் நாகையா மட்டும் பார்த்தார்.

"பேசில், சும்மா விட்டாலே சில புண்ணு ஆறும் லா. போட்டவன், போடாதவன், ரெண்டு பேரையும் காட்டு. அப்புறம் பேசலாம்."

நியாயமான பேச்சு. பக்கத்து வீட்டுத் தம்புசாமிக்கும் சாந்தமேரிக்கும் சர்க்கரை வியாதி. இருவருக்கும் காலில் புண். தம்புசாமிக்கு நிஜக் களிம்பு. சாந்தமேரிக்கு இலைச்சாறும் தேயிலைச் சாயமும் கலந்தது. நிறம் ஒன்றுதான், வெள்ளி மட்டும் கிடையாது. தம்புசாமி, புண் ஆறவில்லை என்றால் தெருவையே கூட்டிவிடுவார். அவள் என் பேச்சைத் தட்டமாட்டாள். இலையைக்கூட அவளே பறித்துக் கழுவித் தருவாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இருவர் காலையும் படம் எடுப்பேன்.

"ஏங்க, தம்புசாமி அண்ணன் காய்கறி வாங்க பாசாருக்கே நடந்து போறாரு. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உன் உடம்புவாகு வேற. பொறு."

"கிளினிக்குக்குப் போவோமா?"

"போனா காலை எடுத்துருவாங்க."

அவள் பயந்துவிட்டாள். அதன்பிறகு கேட்கவில்லை. விரல் கறுத்தது. படங்களைப் பார்த்த நாகையாவின் முகம் மாறியது.

"இது யாரு கால்?"

"தெரிஞ்சவங்க."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, மடையா."

இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படம் பாக்கியிருந்தது. அதை எடுத்த பிறகுதான் காரில் ஏற்றினேன். காய்ச்சலில் அவள் உடம்பு கொதித்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அவரிடம் அவள், "இவரு மருந்து போடலேன்னா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றாள். மறுநாள் இறந்தாள்.

கொலை என்று எழுதுகிறீர்கள். நான் அவளுக்குக் கெடுதலாக எதுவும் கொடுக்கவில்லை, சார். எதையுமே கொடுக்கவில்லை.