பழைய சர்வரை இறக்கிய மதியம்

— சர்வர் மறுபடி படுத்துருச்சுக்கா.

— இப்பத்தானேடா எழுப்புன!

— எழுப்பி நாலு நிமிஷம். பூதம்க்கா இது. வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு ஆளை நிறுத்தி, மெமரி மொத்தத்தையும் முழுங்கிட்டு, மூச்சு விட முடியாம விழுது.

— நம்ம ஆபீஸ் வாசல்ல வந்து பாரு. விடியக்காலைல படகு கவுந்ததுல இருந்து "வெப்சைட்ல பாருங்க"ன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டையே வத்திப்போச்சு. கரை சேர்ந்தவங்க பட்டியல் கையில இருக்கு. காட்டத்தான் வழியில்ல.

— தாள்ல அடிச்சு ஒட்ட வேண்டியதுதானே?

— ஒட்டுனேன். முண்டியடிச்சுக் கிழிச்சுட்டாங்க. வெளியூர்ல இருந்து பாக்குறவங்க என்னடா பண்ணுவாங்க?

— சரி, இதைத் தூக்கிடறேன். சின்ன சர்வர் ஒண்ணு இருக்கு. ஒரே ஆளு நின்னு ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லிடும்.

— இன்னைக்குப் போயா?

— வேற என்னைக்கு? அக்கா… என் பொண்டாட்டி பேரு வந்துச்சா?

— ஆஸ்பத்திரில இருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்குடா. நீ வேலையப் பாரு.

— வேலை இருக்கவேதான் உக்காந்திருக்கேன். இல்லைன்னா தண்ணிக்குள்ள இறங்கியிருப்பேன். படகுல ஜன்னலோரம் இடம் கெடைச்சுதுன்னு போன்ல அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு.

— என் தம்பில்ல, கொஞ்சம் தண்ணி குடி.

— வேணாம். தோள்ல இருந்து கையை எடுக்கா, டைப் அடிக்க முடியல.

— ம்.

— பழசை நிறுத்திட்டேன். சின்னதை ஏத்தறேன்.

— என்னடா, சத்தத்தையே காணோம்?

— வந்துருச்சுக்கா! ரெண்டாயிரம் பேரு உள்ள இருக்காங்க, மெமரில கால்வாசிகூடத் தொடல!

— வாசல்ல ஒரு அம்மா கத்துறாங்க பாரு. மகன் பேரு கெடைச்சிருச்சு போல.

— இரு, இரு. இது என்ன ஃபோல்டர்? இதையும் யாரோ தொறக்குறாங்களே.

— எது?

— பாஸ்வேர்ட் போட்டு வச்சியா?

— ஆமா, காலைல. நீ சொல்லிக்குடுத்த மாதிரி, அந்த ஃபோல்டருக்குள்ளயே ஒரு ஃபைல் வச்சுப் பூட்டுனேன்.

— ஐயோ! அந்த ஃபைலைப் பழைய சர்வர்தான்க்கா படிக்கும். இந்தச் சின்னது திரும்பிக்கூடப் பாக்காது. தொறந்து போட்ட வீடு மாதிரி கெடக்கு!

— நகரு. நான் அழிச்சுடறேன்.

— உனக்குத் தெரியாது, நான் பூட்டறேன். உள்ள என்ன இருக்குன்னு…

— பாக்காத! டேய், நகருடா!

— "அடையாளம் தெரிந்த உடல்கள்."

— வீட்டுக்காரங்களுக்கு நேர்ல சொல்ற வரைக்கும் வெளிய தெரியக்கூடாதுன்னாங்கடா. அதான்…

— ஏழாவது வரில அவ பேரு. அடையாளம் காட்டியவர் "கணவரின் அக்கா"ன்னு போட்டிருக்கு. காலை எட்டே முக்கால்.