கட்டத்துக்குள்ள ஒரு பேரு

— அந்த ரோஜாப்பூவ இன்னும் உள்ள தள்ளு, தேவிப்ரியா. பணம் போடற ஸ்கேன் கட்டத்த ஒட்டினாப்பல சுத்தி வரணும்.

— ஒட்டக் கூடாது பெரியப்பா. சுத்தி வெள்ளையா எடம் வுட்டாத்தான் போனு கட்டத்தப் புடிக்கும். நெருக்குனா எது பூ, எது கட்டம்னு அதுக்குத் தெரியாது.

— சரி, கட்டம் செவப்பு. பின்னால மஞ்சா.

— வியாகுலம் பெரியப்பா! டீக்கட போர்டா, தேர்த் திருவிழாவா? வெள்ளையில கருப்பு, அவ்ளோதான். நடுவுல பெரியம்மா போட்டோவும் வேணாம். மூஞ்சி கட்டத்த மறைச்சிடும்.

— 'வேணாம்'னு சொல்றதுக்குத்தான் உங்கப்பன் கரும்பு வெட்டிப் படிக்க வெச்சானா? போட்டோவ மேல வை. ஆனா கட்டம் இந்தப் பழசேதான். ஸ்டிக்கர உரிச்சியே எடுத்தாந்துட்டேன். இத அப்பிடியே பெருசாக்கு. மழ பட்டு வீணாப் போச்சி. மலைக்குப் போறவன்லாம் போன நீட்டி நீட்டிப் பாத்துட்டு 'வரலியே'ன்னு சில்லறைக்குத் தடவறான்.

— குடுங்க, காட்டிப் பாக்கறேன்... பெரியப்பா, ஸ்டிக்கர் நல்லாத்தான் கீது. என் போனு சட்டுனு படிச்சிடுச்சி.

— படிச்சிடுச்சா? பேரு வந்துச்சா?

— வரல. கணக்கு இல்லன்னு வருது. பெரியம்மா எறந்த சர்டிபிகேட்ட பேங்க்ல குடுத்தீங்களா?

— மார்ட்டின் குடுத்தான். மவன் பொறுப்பா செய்யறான்னு நானும் கையெழுத்துப் போட்டேன். பேரையும் சேத்துத் தொடச்சிடுவாங்கன்னு எவன் கண்டான்?

— உங்க பேர்ல புதுசு வாங்கிக்கலாம். பணம் வந்தாப் போதுமில்ல?

— பணத்துக்கா வடக்கனந்தல்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன்? போன நீட்டறவன் அனுப்பறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேப்பான். 'செபஸ்தியம்மாள்னு வருது, சரிதானே?'ம்பான். எந்த ஊர்க்காரனோ. 'ஆமா, எங்க வூட்டம்மா'ம்பேன்.

— அதுக்குத்தான் பழசே வேணும்னீங்களா?

— நீயே பாரு, 'பெரியம்மா'ங்கற. மவனுக்கு 'அம்மா'. நானும் ஒரு நாளு பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல, 'தே'ம்பேன், திரும்பிப் பாப்பா. சொந்தக்காரன்லாம் நான் கலங்கிடுவேன்னு அவ பேச்சே எடுக்கறதில்ல. அந்தப் போன்காரனுங்க மட்டுந்தான் வாய்வுட்டு அவ பேரச் சொன்னது.

— கண்ணத் தொடைங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. வெறும் பேர மட்டும் உள்ள வெச்சி ஒரு கட்டம் போடலாம் பெரியப்பா. பணம் போவாது. கேமராவக் காட்டுனா 'செபஸ்தியம்மாள்'னு வரும், அவ்ளோதான்.

— நெஜமாவா? அப்பப் போடு! பணக் கட்டத்துக்குப் பக்கத்துலயே போடு.

— ஒரு போர்டுல ரெண்டு வெச்சா எதுல காட்றதுன்னு கொழம்பிடுவாங்க. ஒண்ணுக்குக் கீழ 'பணம் செலுத்த'ன்னு போடறேன். இதுக்குக் கீழ இன்னா எழுதட்டும்?

— ஒண்ணும் எழுதாத. கொழம்பட்டும். கொழம்புனாத்தான் நிமிந்து பாத்து, 'இது யாரு'ன்னு என்னக் கேப்பான்.

— அவங்க எங்கன்னு கேட்டா?

— எப்பவும் சொல்றதுதான். 'பின்னால தண்ணி மோந்துக்கினு இருக்கா, இதோ வந்துருவா.'