சுண்டிப் பார்த்து எடுத்த தலை

ஹலோ... ஹலோ மாமா... எங்க இருக்கீங்க? ...மைதானத்துலயா? பையைத் தெறந்துட்டீங்களா? ...தெறக்காதீங்க! ...ஆமா, ஆமா, விக்கக் கொண்டுபோன கோல்ஃப் மட்டைப் பையைத்தான் சொல்றேன். மூடுங்க முதல்ல.

மூடியாச்சா? இப்ப சொல்லுங்க. நான் பட்டறையில ரேக் முன்னாடி நிக்கறேன். நான் வார்த்து வெச்ச ஸ்டீல் தலை பன்னெண்டும் இங்கயே உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டிருக்கு. அப்ப உங்க பையில இருக்கற மட்டைக்கெல்லாம் எது தலை?

...

...சத்தமா? என்ன சத்தம்? ...இருங்க. அண்ணே, அந்தச் சாணையைக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, ஒரு எழவும் கேக்கல! ...ம், சொல்லுங்க. ஸ்டீல் தலையைச் சுண்டிப் பாத்தீங்க. சரி. ‘டொக்’குன்னுச்சு. சரி. செத்த சத்தம். சரி, சரி. மாமா, அது மட்டை. குடம் இல்ல. ...தெரியும், தெரியும், அத்தனை வருஷம் பாத்திரக்கடை வெச்சிருந்தீங்க, சுண்டியே தரம் சொல்லிடுவீங்க. பந்து சுண்டாது மாமா. பந்து மோதும்.

...அப்ப என்னத்தை ஊத்துனீங்க?

...வெண்கலமா!

ச்சீ. ...இல்ல, வாந்தி எடுக்கல. வாயெல்லாம் களிம்பு ஏறின மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ...எங்கேருந்து வந்துச்சு அந்த வெண்கலம்? ...கடையை மூடினப்போ விக்காம கெடந்த மணியா? அதை உருக்கி... என் அச்சுல... ஓ, அதான் உலைக் கரண்டியெல்லாம் பச்சையா பிசுபிசுன்னு என்னமோ ஒட்டியிருக்கு. வெண்கலக் கடையில யானை புகுந்ததுன்னு கேள்விப்பட்டிருக்கேன். வெண்கலக் கடையே கெளம்பி வந்து அடுத்தவன் பட்டறையில புகுந்ததை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

...ஆமா, லீவுல இருந்தேன். பல்வலி. ஒரு பல்லைப் புடுங்கிட்டு வர்றதுக்குள்ள நீங்க பன்னெண்டு தலையை மாத்திட்டீங்க.

...கேளுங்க. குறுக்க பேசாம கேளுங்க. மணிக்கு ஊத்தற வெண்கலத்துல வெள்ளீயம் ஜாஸ்தி. அதனாலதான் கணீர்னு பாடுது. அதனாலயேதான் ஓங்கி அடிச்சா ஓடு மாதிரி தெறிக்கும். டைட்டானியத்தை நம்ம உலை தாங்காது, உருகறப்ப காத்து பட்டாலே கெட்டுப்போகும்னு விட்டேன். ஸ்டீலை எடுத்தேன். மெல்லிசா ஊத்தினேன், சம்மட்டியால அடிச்சேன், மெஷின்ல வெச்சு நசுக்கினேன், ஒடையல. அதுக்கப்புறம்தான் சரின்னேன். நீங்க ஒரு நகத்தால தீர்ப்பு சொல்லிட்டீங்க.

அதுவும் வெண்கலம் ஸ்டீலை விட எடை. அதே அச்சுல ஊத்தினா தலைக்கனம் ஏறிடும். ...யாருக்கு? எனக்கா? மாமா, மட்டையோட தலையைச் சொல்றேன்! ...அப்பா எதுக்கு இப்ப? அப்பாவுக்கும் எனக்கும் தலைக்கனம்தான், ஒத்துக்கறேன், பையை எடுத்துட்டு வாங்க. ...வேணும்னா அதுல குழி ஓரமா பந்தை மெதுவா உருட்டற மட்டை பண்ணிக்கலாம். அதுக்குத் தாங்கும். உருட்டறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே.

...எது? எனக்குச் சந்தோஷமான விஷயமா? ...என் பேரா? எங்க? ...தலைக்கு அடியில. பொறிச்சு. ‘உலோகத் தேர்வு’ன்னு போட்டு. ...முழுப் பேருமா? ...இனிஷியலோடவா?

...

இல்ல. அழல. இத்தனை நாள்ல ‘டேய் நோஞ்சான்’னு தவிர வேற எப்படியாவது கூப்பிட்டிருக்கீங்களா? என் பேர் உங்களுக்குத் தெரியும்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ...என்ன மரியாதை? நாளைக்கு எந்தப் பட்டறை வாசல்ல போய் வேலைன்னு நின்னாலும், ‘வாங்க வாங்க, அந்த ஒடஞ்ச தலைக்காரர்தானே’ம்பான். உலைவாயை நான் மூடிடுவேன். ஊர்வாயை நீங்களா வந்து மூடுவீங்க?

...யாரு வர்றாங்க? ...பெரிய தொப்பியா? மட்டை வாங்கறவர்தானே? ...சொல்லுங்க, தப்பான பை வந்துடுச்சுன்னு சொல்லுங்க. ...எடுத்துக் குடுக்கறீங்களா? மாமா! ...துடைச்சுட்டுக் குடுக்கறீங்களா? எதைத் தொட்டு? ...எச்சிலா? த்தூ. என் பேர் மேலயா?

...அவரும் சுண்டறாரா? ...ரசிக்கிறாரா. நல்லா ரசிக்கட்டும். ரசிச்சுட்டுக் கீழ வெக்கச் சொல்லுங்க. ...உங்ககூட வந்த அத்தை எங்க? ...முன்னாடியா! போட்டோ எடுக்கவா! மாமா, முதல்ல அத்தையை நகரச் சொல்லுங்க. ...கெஞ்சிக் கேட்டுக்கறேன், எனக்குச் சத்தம் எல்லாம் கேக்க வேணாம், போனை அந்தப் பக்கம் நீட்டாதீங்க. அத்தையை...

...

...ஆமா. கேட்டுச்சு. ...ஆமா, ஆமா, கணீர்னுதான் இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. பந்து எங்க போச்சு? ...யாருமே பாக்கலையா? எல்லாரும் சத்தத்தைப் பாத்துக்கிட்டிருந்தீங்களா?

...இன்னொண்ணா? வேணாம். முதல் அடியிலயே விரிசல் விட்டிருக்கும். அத்தை நகந்துட்டாங்களா? ...மாமா, அத்தை...

...

ஹலோ? ...மாமா? ...இது கணீர் இல்லையே. ...மாமா!

...சரி. ...சரி. அத்தைக்கு ஒண்ணும் இல்ல. மறைவாத்தான் நின்னாங்க. அப்பாடா. ...எத்தனை துண்டு? ...ஒண்ணு புல்லுல. ஒண்ணு குளத்துல. இன்னொண்ணு? ...தொப்பிக்காரர் ஷூ மேல. ...எந்தத் துண்டு அது?

...பேர் இருக்கற துண்டு. ஒரு கீறல் கூட இல்லாம.

...படிக்கிறாரா? ...இனிஷியலோடவா?

போனை அவர்கிட்ட குடுக்காதீங்க. குடுக்காதீங்க மாமா, நான் இல்லைன்னு...

...வணக்கம் ஐயா. ...ஆமாங்க. ...ஆமாங்க, அது நான்தாங்க. ...மாமா என்ன சொல்றாரு? ...‘எல்லாம் அவன் தேர்ந்தெடுத்ததுதான்’னா?

ஐயா, பேர் என்னுது. உலோகம் என்னுது இல்ல. என்னுது இங்க ரேக்குல இருக்கு. ஸ்டீல். இப்பவே எடுத்துட்டு வர்றேன், நீங்களே கல்லுல அடிச்சுப் பாருங்க. அது ஒடஞ்சா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன். ...சொல்லுங்க. ...சத்தமா? ...இல்லைங்க, அந்தச் சத்தம் வராது. ‘டொக்’குங்கும். பந்து தூரமா போகும். ...பந்தை விட உங்களுக்குச் சத்தம்தான் முக்கியமா? ...ஐயா, இப்பதான் உங்க கால் மேல விழுந்துச்சு. அப்புறமும் அதே சத்தம் வேணுமா?

...

அப்ப ஒண்ணு பண்ணுங்க ஐயா. மட்டையை ஸ்டீல்ல வாங்குங்க. பக்கத்துல எங்க மாமாவை நிறுத்திக்கங்க. நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் அவர் ஒரு மணியை அடிக்கட்டும்.

...இல்லைங்க, நான் கிண்டலுக்கு... ...நல்ல யோசனையா? ...ஐயா? ...மாமா ஒத்துக்கிட்டாரா!

அவர்கிட்ட குடுங்க. ...மாமா, வெக்கமா இல்லையா உங்களுக்கு? ...ஒரு நிமிஷமா? அவர்கிட்ட என்ன கேக்கறீங்க? ...‘எத்தனை மணி’ன்னா? நேரமா? ...நேரம் இல்லையா? ...உருப்படியா? ...மட்டைக்கு ஒரு மணியா! உருக்கினது போக மிச்சம் கெடக்கறதெல்லாமா?

...சரி. வித்துத் தொலைங்க. மட்டைக்கு என் ஸ்டீல்தானே? ...சத்தியமா? ...ம். பையை எடுத்துட்டு வந்து சேருங்க.

...என்னது? மணிக்கு அடியில எடம் இருக்கா? ...இருந்தா?

மாமா. ...மாமா, வேணாம். என் பேரை மட்டும்...

ஹலோ? ...ஹலோ?