ஜன்னலுக்கு நேரா ஒரு எண்ணெய்க் கிணறு

...அது சும்மா மேல்துருதான் தம்பி, கிட்டப் போகாதீங்க, சட்டையில ஒட்டிக்கும்! வீடு வாங்க வந்தீங்களா, எண்ணெய் இறைக்கற அந்த மெஷினைப் பாக்க வந்தீங்களா? வர்றவங்க எல்லாம் வாசல்லயே நின்னு அதையே வாயப் பொளந்து பாக்குறாங்க. உள்ள சமையக்கட்டு எவ்வளவு பெருசு தெரியுமா... எவன் வந்து பாக்குறான்!

ஓடுன காலத்துல அந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும். பகல்னு இல்ல ராத்திரின்னு இல்ல, டொங்கு டொங்குன்னு... மாமியார் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற மருமகன் மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுக்காரர் லோயல், பாவம், காதுல பஞ்சோடவே போய்ச் சேந்தாரு. என் பேச்சுக்காக வச்ச பஞ்சுன்னு ஊர்ல சொல்வாங்க, நம்பாதீங்க.

எண்ணெயில பங்கா? எங்களுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! இந்த டகோட்டா பக்கம் மேல் மண்ணு ஒருத்தனுது, அடியில இருக்கறது இன்னொருத்தனுது. லோயலோட தாத்தா அடிமண்ணு உரிமையை ஒரு பழைய டிராக்டருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. கீழ வெறும் களிமண்ணுதானேன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தாராம் மனுஷன்! எங்களுக்கு வந்தது சத்தமும் புழுதியும்தான்.

அப்புறம் எண்ணெய் வத்திடுச்சு. கம்பெனிக்காரன் சொல்லாம கொள்ளாம மூட்டை கட்டிட்டான். இதக் கழட்டிட்டுப் போங்கடான்னு எத்தனை கடுதாசி போட்டேன்! அந்த நம்பருக்கு போன் பண்ணினா இப்ப ஒரு பல் டாக்டர் எடுக்குறாரு. எண்ணெய் வேலைக்கு வர்றவங்களுக்காக ஊர்ல புதுசாக் கட்டுன ஆறு லாட்ஜுலயும் புறாதான் குடித்தனம் பண்ணுது.

பனி விழுறதுக்குள்ள இத வித்தாகணும் தம்பி. போன ஜனவரியில இந்தப் படியில வழுக்கி விழுந்து, எந்திரிக்க முடியாம தனியாக் கிடந்தேன். பயந்துட்டேன், பொய் சொல்லல. ஃபார்கோவுல எம்பொண்ணு எனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருக்கா...

என்ன காகிதம் அது? பத்திரக் கட்டுல இருந்துச்சா? அடடா... ஆமா, என் கையெழுத்துதான். ஆர்டிஸ்னு அழகாத்தானே போட்டிருக்கேன்! சரி சரி, வீட்டுச் சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்காம இவ்வளவு கிட்ட கிணறு போட முடியாது, ஒத்துக்கறேன். கம்பெனிக்காரனுங்க இடம் குறிச்சு முளைக்குச்சி அடிச்சது ஓடைக்கு அந்தாண்ட. நான்தான்... அட, நான்தாங்க அதப் பிடுங்கிட்டு வந்து ஜன்னலுக்கு நேரா அடிச்சு, இங்கதான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்! போதுமா?

எதிர்வீட்டு மார்லிஸ் பாத்திரம் கழுவுறப்ப இது கண்ணுல படணும்ல? ஓடைக்கு அந்தாண்ட போட்டா யாருக்குத் தெரியும்? நாங்க எண்ணெய்ப் பணக்காரங்கன்னே நம்பிட்டா அவ! வாரம் தவறாம அவ கையால சுட்ட ஆப்பிள் பை பலகாரம், சர்ச்சுல எங்களுக்கு முன்வரிசை... லோயல் உண்மையச் சொல்ல வாயெடுத்தா மேசைக்கடியில ஒரு உதை விடுவேன். கடைசியில வயித்தெரிச்சல் தாங்காம அவ வீட்டை நல்ல விலைக்கு வித்துட்டு அரிசோனா போயிட்டா. இன்னமும் கிறிஸ்துமஸுக்குக் கார்டு போட்டு, கிணறு எப்படி ஓடுதுன்னு கேக்குறா. அமோகம்னு எழுதறேன்.

தம்பி... கார்ச் சாவிய ஏன் எடுக்குறீங்க? சமையக்கட்டு? சரி, போங்க, போங்க. ஒரே ஒரு உபகாரம். கடைத்தெருவுல காபிக்கு நிப்பீங்கல்ல, அது மார்லிஸோட தங்கச்சி கடை. எதுக்கு வந்தீங்கன்னு கண்டிப்பாக் கேப்பா, கேட்டத அப்படியே அக்காவுக்குச் சொல்லிடுவா. வீடு பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க... எண்ணெய் விஷயமாப் பேச வந்தேன்னு சொல்லுங்க!