ஒரு புள்ளியும் சாகல்ல

நிஃப்லா: இந்த ஸ்கிரீன நல்லாப் பாருங்க நானா. ஒரு புள்ளியும் சாகல்ல.

ஸியாத்: நல்லதுதானே... உசிரோட இரிக்கட்டுமே.

நிஃப்லா: என்ன நல்லது? நாலு மணிக்கு புரொபசர் ஸூம்ல வருவாரு. பாதி செத்தாத்தான் என்ட ரெண்டு வருச வேலை சரி.

ஸியாத்: வயித்துப் பிள்ளைட மூளை எண்டுதானே சொன்ன? அதுல பாதி சாகணுமா?

நிஃப்லா: ஓம். முதல்ல தேவைக்கு மேல செல் உண்டாகும். மற்றச் செல்லோட தொடுப்புப் பிடிச்சதுக்குத்தான் தீனி. பிடிக்காதது தானாவே செத்துப்போகும். அதத்தான் கம்ப்யூட்டர்ல கணக்காச் செஞ்சு காட்டுறன், ஒரு புள்ளி ஒரு செல்.

ஸியாத்: என்ட இறால் குளத்துல அப்பிடிப் பாதி செத்தா, நான் முந்தல் சந்தியில கடலைதான் விக்கணும்.

நிஃப்லா: குளத்துல இறால் செத்தா என்ன செய்வீங்க?

ஸியாத்: காத்து மெஷினப் போடுவன்... பிறகு தீனி...

நிஃப்லா: தீனி?

ஸியாத்: தேத்தண்ணி ஆறுது, குடி.

நிஃப்லா: நானா, இதுல தீனிக்கு ஒரு இலக்கம் இரிக்கு. நான் போட்டது அஞ்சு. நேத்துப் பாத்தா அம்பது.

ஸியாத்: பூனை கீனை ஏறியிருக்கும்.

நிஃப்லா: ஏறி, சரியா ஒரு சைபர மட்டும் சேர்த்திச்சா?

ஸியாத்: ...நீ தொழப் போன நேரம். கம்ப்யூட்டர மூடாமப் போயிட்ட. பாத்துட்டே இருந்தன், புள்ளி ஒண்டொண்டா அணைஞ்சு போச்சு... கை தானாப் போயிட்டு.

நிஃப்லா: வெறும் புள்ளி நானா. அதுக்கு ஏன் இவ்வளவு இரக்கம்?

ஸியாத்: உன்ட மதினி நஸ்லியாவுக்கு... மூணாம் மாசம். முந்தின தரம் மாதிரி கலைஞ்சிடுமோ எண்டு ஒருத்தருக்கும் சொல்லல்ல. எங்கட பிள்ளைக்கும் இப்பிடிப் பாதி...

நிஃப்லா: போகும். போகத்தான் வேணும். எல்லாம் மிஞ்சினா மூளை சிக்கின வலை மாதிரி ஆகிடும். உங்களுக்கும் எனக்கும் போனதுதான்.

ஸியாத்: எனக்குக் கொஞ்சம் அதிகமாப் போயிட்டுதோ...

நிஃப்லா: அதுக்கும் ஒரு கணக்குச் செஞ்சு பாக்கலாம்.

ஸியாத்: சிரிக்காத. நாலு மணிக்கு என்ன செய்யப் போற? என்னால உன்ட படிப்பு...

நிஃப்லா: அத காலையிலேயே திருத்திட்டன், பாதி ஒழுங்காச் செத்திட்டு. இப்ப உங்களுக்குக் காட்டினது நேத்தையது. மதினி நேத்து ராவே எல்லாம் சொல்லிட்டா, பிள்ளைட கதையும்தான். "உங்கட நானா அதுல கை வெச்சிட்டாரு, பயத்துல தூக்கமும் இல்ல. ஏசாம, அவர் வாயாலயே சொல்ல வெச்சு, விளங்கப்படுத்துங்க" எண்டு.